குதிரைக்குப் பெயருண்டு, பழக்கியவருக்கு இல்லை

சென்ற மாதம் ஊவாவில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போக நேர்ந்தது. நண்பர் ஒருவரின் மகளுக்குத் திருமண வரவேற்பு. பழைய துரை பங்களாவை இப்போது சுற்றுலா விடுதியாக்கி, தரையை மெருகிட்டு, கணப்படுப்பை மறுபடியும் எரியவிட்டிருக்கிறார்கள். கூடத்துச் சுவரில் ஒரு பெரிய புகைப்படம். தொப்பியணிந்த துரை குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். குதிரையின் வாயருகே கடிவாளத்தைப் பிடித்தபடி, தலைப்பாகையும் வெறுங்காலுமாக ஒருவர் நிற்கிறார். கீழே ஆங்கிலத்தில் மூன்று விவரங்கள்: துரையின் முழுப்பெயர், குதிரையின் பெயர், கடைசியாக ‘குதிரைக்காரன்’ என்னும் ஒற்றைச் சொல்.

அருகிலேயே ஒரு துண்டுப் பிரசுரம் அடுக்கி வைத்திருந்தார்கள். ஊவா மலைகளில் ஆங்கிலத் தோட்டத்துரைமார் வளர்த்த செவ்வியல் டிரசாஜ் மரபை இவ்விடுதி மீட்டெடுக்கப் போகிறதாம். வெளிநாட்டுப் பயிற்றுநர் வருவாராம். விருந்தினர் குதிரையேற்றம் பயிலலாமாம். ஊர் திரும்பியதும் பழைய தொழிற்சங்கத் தோழர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் தொலைபேசியிலேயே சிரித்தார். “வெள்ளைக்காரன் குதிரை ஆடினா ஒனக்கு என்னப்பா, ஆடாட்டி ஒனக்கு என்ன? கொழுந்து எடுக்கிறவளோட கூலியைப் பத்தி எழுது” என்றார்.

இருவரும் செய்வது ஒரே தவறு என்பது என் கட்சி. குதிரையைப் பழக்கும் கலை துரைக்குச் சொந்தமானது என்று இருவருமே நம்புகிறார்கள். ஒருவர் அதற்காக அதைக் கும்பிடுகிறார். மற்றவர் அதற்காகவே அதன்மீது காறி உமிழ்கிறார்.

முதலில் விடுதிக்காரரைக் கவனிப்போம். ஊவாவின் துரைமார் டிரசாஜ் பயின்றார்கள் என்பது வரலாறு அறியாதவர் பேச்சு. அவர்களுக்குக் குதிரை வேலைக்கு வேண்டியிருந்தது. மலைக்கு மலை ஏறியிறங்கித் தோட்டம் பார்க்க வேறு வழியில்லை. அதற்கென்று சம்பளத்தோடு குதிரைப்படியும் கிடைத்தது. வேலை ஓய்ந்தால் பந்தயம், வேட்டை, போலோ. 1892-இல் துரைமாரைக் கொண்டு இலங்கைக் குதிரைப்படைப் பிரிவொன்று அமைக்கப்பட்டது. 1900-இல் அதிலிருந்து ஒரு தொகுதியினர் போயர்களோடு போரிடத் தென்னாபிரிக்காவுக்குக் கப்பலேறினர். அதே ஆண்டில், பிறவிக் குதிரை வீரர்களான போயர்கள் ஆயிரக்கணக்கில் கைதிகளாகக் குதிரையின்றித் தியத்தலாவைக்கு வந்து சேர்ந்தார்கள். இந்த விந்தை ஒருபுறம் கிடக்கட்டும். வேட்டைக் குதிரையும் படைக் குதிரையும் இங்கே இருந்தன என்பதுதான் இதிலிருந்து தெரிகிறது. செவ்வியல் பயிற்சிப் பள்ளி ஒன்றும் இங்கே இருக்கவில்லை.

இங்கிலாந்திலேயே அக்கலைக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. நியூகாசில் பிரபு என்ற ஒரே ஒரு மேதை இருந்தார். அவரும் நாடிழந்து அகதியாகத் திரிந்த காலத்தில், 1658-இல், தம் நூலை அந்த்வெர்ப் நகரில் பிரெஞ்சு மொழியில்தான் வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த ஆங்கிலச் சீமான்கள் நரிவேட்டைக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்குதிரை அவர்களுக்குச் சர்க்கஸாகத் தெரிந்தது. ஒலிம்பிக்கில் டிரசாஜ் 1912-இல் சேர்க்கப்பட்டது. பிரித்தானியா அதில் தன் முதற்பதக்கத்தை வாங்கியது 2012-இல், தன் தலைநகரிலேயே நடந்த போட்டியில். சரியாக நூறாண்டு! தன் வீட்டில் இல்லாத மரபையா ஒரு நாடு பதுளைக்கு ஏற்றுமதி செய்திருக்கும்?

மலையகத்துக்கு வந்த ஆங்கிலக் குதிரைத்திறனுக்கு ஒரு மாதிரி வேண்டுமென்றால் சாமுவேல் பேக்கரின் நூலைப் புரட்டலாம். 1848-இல் நுவரெலியாவில் குடியேறியவர் அவர். 1855-இல் வெளிவந்த தம் இலங்கை நினைவுகளில், இங்கிலாந்திலிருந்து தாம் அழைத்துவந்த பெர்க்ஸ் என்ற குதிரைக்காரனைப் பற்றி எழுதுகிறார். அந்த ஆள் ரம்பொடைக் கணவாயில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் உருட்டினான். அந்த வண்டியை மீட்பதற்காக அனுப்பிய யானையையும் குடிவெறியில் மலைமேல் விரட்டியோட்டிச் சாகடித்தான். பக்கத்துத் தோட்டத்துரை வண்டியைத் தூக்க நூற்றுக்கு மேற்பட்ட கூலியாட்களை இரவல் கொடுத்தார். அவர்களுக்குப் பெர்க்ஸின் கடிதத்தில் கிடைத்தது ஒரு வசைச்சொல்லும், பூனைகளுக்கு ஒப்பான ஓர் உவமையும். குதிரையையும் யானையையும் தொலைத்தவன் பெயரோடு இலக்கியத்தில் வாழ்கிறான். அந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

பதுளை நகரில் புனித மாற்கு தேவாலயம் இருக்கிறதே, அது மேஜர் ரொஜர்ஸ் நினைவாக எழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுபவர். 1845-இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தவர். விலங்கைக் கொன்றவருக்குக் கோயிலே கட்டிய ஊரில், விலங்கைப் பழக்கியவருக்கு ஒரு பலகை இல்லை.

சரி, டிரசாஜ் என்பதுதான் என்ன? பயிற்றுதல் என்பதே அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் நேர்ப்பொருள். தொலைக்காட்சியில் இசைக்கேற்பக் குதிரை காலெடுத்து வைப்பதைப் பார்த்து நாம் நடனம் என்கிறோம். அது கடைசிப் பக்கம். முதற்பக்கம் குதிரையின் முதுகு. குதிரையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு முன்னங்கால்களில் விழுகிறது. மனிதன் ஏறி அமர்ந்தால் பாரம் மேலும் முன்னே சாயும். பழக்கப்படாத குதிரை முதுகைக் குழித்து, கழுத்தை விறைத்து, முன்னங்கால்களால் தன்னையும் நம்மையும் இழுத்துக்கொண்டு போகும். சில ஆண்டுகள் அப்படி உழைத்தால் முன்னங்கால் வீங்கும், முதுகு நோகும், பிறகு கடிக்கும், உதைக்கும். அப்போது அதற்குக் கெட்ட குதிரை என்று பெயர் வைப்போம். பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் கொண்டுவரவும், இடுப்பை மடக்கவும், பாரத்தைப் பின்புறம் வாங்கவும் படிப்படியாகக் கற்றுக்கொடுப்பதே டிரசாஜ். ஆட்டமெல்லாம் அதன் பின்விளைவு.

இதைக் கட்டாயத்தால் செய்ய முடியாது என்று கிரேக்க வீரன் செனபோன் ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டான். நர்த்தகனைச் சவுக்கால் அடித்து ஆடவைத்தால் அது எவ்வளவு அழகாக இருக்குமோ, அவ்வளவுதான் அடிபட்ட குதிரையின் அழகும் என்பது அவன் கருத்து. 1733-இல் பிரெஞ்சுக்காரர் லா கெரினியேர் இதற்கு ஒரு முறையை வகுத்தார். குதிரையின் தோளைச் சுவரிலிருந்து சற்றே உள்ளே வாங்கி, உடலை மெல்ல வளைத்து நடத்துவது அதன் திறவுகோல். உட்புறப் பின்னங்கால் அப்போது தானாகவே பாரத்தின் கீழ் வந்து விழும். இன்றும் வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில் அதுவே அடிப்படைப் பாடம். 1572-இலேயே ஆவணங்களில் இடம்பெறும் அப்பள்ளியின் கலையை யுனெஸ்கோ 2015-இல் மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே புதிய மாணவன் நெடுங்காலம் அங்கவடியும் கடிவாளமும் இல்லாமல், நீண்ட கயிற்றில் வட்டமிடும் குதிரைமேல் உட்காரத்தான் பழகுகிறான். முதிர்ந்த குதிரை இளைஞனுக்குக் கற்றுக்கொடுக்கிறது. முதிர்ந்த மனிதன் இளங்குதிரைக்குக் கற்றுக்கொடுக்கிறான்.

தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. பழக்குதல். ‘பழகு’ என்பதன் பிறவினை அது. ஒருவரோடு பழகுகிறோம், ஒரு விலங்கைப் பழக்குகிறோம். நட்பும் பயிற்சியும் ஒரே வேரில் முளைத்த மொழி நம்முடையது. ஆங்கிலத்தில் குதிரையை ‘உடைக்கிறார்கள்’. நாமும் சில சமயம் ‘அடக்குகிறோம்’ என்போம். அதற்கு வீரம் என்று பட்டமும் சூட்டுவோம். அடக்குவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்; பழக்க ஆண்டுகள் ஆகும்.

இதைச் சொன்னவுடன் நம்மவர் சிலர் மீசையை முறுக்குவார்கள் என்று தெரியும். பழைய உரைகளில் குதிரைக்கு ஐந்து கதியும் பதினெட்டுச் சாரியும் சொல்லப்படவில்லையா? மாணிக்கவாசகருக்காக ஈசனே குதிரைச் சேவகனாகி மதுரைக்கு வரவில்லையா? வந்தான், உண்மைதான். ஆனால் அதே பாண்டிநாட்டுக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ வேறொன்றும் எழுதிவைத்திருக்கிறான். மன்னர்கள் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள். பேணத் தெரியாமல் ஓராண்டுக்குள் பெரும்பாலானவை மடிகின்றன. லாபம் குறைந்துவிடுமே என்று வணிகர்கள் குதிரை வைத்தியனை இந்நாட்டுப் பக்கம் வரவே விடுவதில்லை என்கிறான். ஆகவே இரத்தத்தில் ஊறிய கலை என்ற பேச்சு வேண்டாம், நமக்கும் வேண்டாம், வெள்ளைக்காரருக்கும் வேண்டாம். கற்றவனுக்கு வரும், கற்க விடாதவனுக்கு வராது.

என் பாட்டனார் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் குதிரைக்காரராக இருந்தவர். குதிரை பராமரிப்பவனைக் குறிக்க ஆங்கிலத்தில் அச்சொல் சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் வழங்கியது என்று 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி குறிக்கிறது. வடக்கே அவன் சைஸ். ரயில் பதுளைக்கு வந்த 1924-இல் பாட்டனார் மீசை முளைத்த இளைஞர். அவுஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய குதிரை, மிரண்ட கண்ணோடு தோட்டத்துக்கு வரும். முதல் பதினைந்து நாள் சேணம் போடமாட்டாராம். விடியற்காலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தோட்டப் பாதையில் கூடவே நடப்பார். “அது மூச்சும் நம்ம மூச்சும் ஒண்ணாகணும் தம்பி, அப்புறந்தான் மத்ததெல்லாம்” என்பார். இறக்கத்தில் நாலடி நடத்தி, நிறுத்தி, ஓரடி பின்னுக்கு வைத்து, மறுபடி இறக்குவார். கையில் ஒரு கொய்யாக்குச்சி இருக்கும். தோளைத் தொட்டுக் காட்டுவதற்கு மட்டும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது திண்ணையில் என்னையே குதிரையாக்கி இதைச் செய்து காட்டினார். அப்போது எனக்கு அது வேடிக்கை. பேராதனை நூலகத்தில் லா கெரினியேரைப் பற்றிப் படித்த நாளில்தான், இறக்கத்தில் அந்த ஓரடி ஏன் பின்னால் போயிற்று என்பது விளங்கியது. பின்னங்கால் பாரம் வாங்குவதற்காக! அவர் செய்ததை டிரசாஜ் என்று நான் சொல்லமாட்டேன், அவரே சிரிப்பார். ஆனால் அதன் முதல் வாசலை அவர் திறந்து வைத்திருந்தார், படிப்பறிவில்லாமலே.

அதற்குமேல் போகத் துரை விடவில்லை. அரைகுறையாகப் பழகிய குதிரையைக் கிளப்புக்கு விரட்டிக்கொண்டு போய், நள்ளிரவில் நுரை தள்ளக் கொண்டுவந்து நிறுத்துவாராம். பாட்டனார் வைக்கோலால் துடைத்துத் துடைத்து, வேர்வை ஆறும்வரை இருட்டில் நடத்துவார். மறுநாள் குதிரை நொண்டினால் குற்றம் அவருடையது, அரைப்பேர். வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன்: தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாட்கூலி. அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டென்பது அந்தப் புகைப்படத்துக்கு விவரம் எழுதியவருக்கு நினைவு வரவில்லை போலும்.

குதிரை இருந்தது லாயத்தில். பாட்டனார் இருந்தது லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், ஏழு பேரோடு. எழுத்தில் ஒரு துணைக்கால் வித்தியாசம். குதிரைக்குத் தாய் தகப்பன் பெயரோடு வம்சாவளிப் பத்திரம் இருந்தது. 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது பாட்டனாரிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. துரை மோட்டார் சைக்கிள் வாங்கியதும் லாயம் மூடப்பட்டது; அவர் கவ்வாத்து வெட்டப் போனார்.

இனித் தோழருக்கு. இது சீமான்களின் கலை என்கிறீர்கள். சீமான்கள் அதை வேலி போட்டு வைத்திருந்தார்கள் என்பது மெய். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் டிரசாஜ் அணிப்போட்டியில் தங்கம் வென்றது சுவீடன். அணியில் கேனல் பெர்சன் என்ற ஒருவர் இருந்தார். அவர் சார்ஜன்ட், விதியோ ராணுவ அதிகாரி மட்டுமே போட்டியிடலாம் என்றது. அவரைத் தற்காலிகமாக லெப்டினன்ட் ஆக்கி, போட்டி முடிந்ததும் பழையபடி சார்ஜன்ட் ஆக்கிவிட்டார்கள். செய்தி வெளியே வந்ததும் 1949-இல் பதக்கம் பறிக்கப்பட்டுப் பிரான்சுக்குப் போயிற்று. குதிரை சரியாக நடந்தது. ஏறியிருந்தவனின் தோள்பட்டைதான் தவறு! அந்த வேலி அதன்பின் நெடுநாள் நிற்கவில்லை. 1952-இல் அதிகாரி அல்லாதாருக்கும் பெண்களுக்கும் வாசல் திறந்தது. பெர்சன் உள்ளிட்ட அதே சுவீடன் அணி மறுபடி தங்கம் வென்றது, 1956-இலும் வென்றது. 1952-இல் தனிநபர் வெள்ளியை வென்றவர் டென்மார்க்கின் லிஸ் ஹார்டல். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த பெண். குதிரையிலிருந்து அவரைத் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. காலால் உதைக்க இயலாத ஒருவரின் எண்ணத்தைக் குதிரை புரிந்துகொண்டது என்றால், அதை வெறும் பணக்காரர் விளையாட்டு என்று எப்படித் தள்ளுவது?

பணம் வேண்டும் என்பீர்கள். போட்டிக்கு வேண்டும், மலையளவு வேண்டும். 2023 ஆசிய விளையாட்டில் இந்திய டிரசாஜ் அணி தங்கம் வென்றது. 1982-க்குப் பின் குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அந்த இளைஞர்கள் ஐரோப்பாவில் தங்கித்தான் பயின்றார்கள். கொழுந்து எடுப்பவளின் மகனுக்கு அது கனவு. ஆனால் பதக்கத்தோடு கலையும் வந்துவிடும் என்பதில்லை. 2012-இல் பிரித்தானியாவுக்குத் தங்கம் கொண்டுவந்த சார்லட் டுஜார்டன், ஆறு ஒலிம்பிக் பதக்கங்களை வாங்கியவர், ஒரு பயிற்சியின்போது குதிரையின் கால்களில் நீண்ட சவுக்கால் திரும்பத் திரும்ப அடிக்கும் காணொளி 2024-இல் வெளிவந்தது. பாரிஸ் போட்டியிலிருந்து விலகினார். ஓராண்டுத் தடையும் பத்தாயிரம் சுவிஸ் பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. உலகத்தின் உச்சியில் நின்றவர் அடக்குவதற்கு இறங்கினார். கொய்யாக்குச்சியோடு இறக்கத்தில் நின்றவர் பழக்கினார். கயிறு, ஒரு துண்டு நிலம், பொறுமை, கற்றுத்தர ஓர் ஆள்: இந்நான்கும் இருந்தால் அடிப்படைப் பயிற்சி தொடங்கிவிடும். இவற்றில் மலையகத்தில் இல்லாதது நான்காவது மட்டும்.

இல்லாததன் விலையைப் பார்க்க வேண்டுமானால், வெலிமடை வழியாக நுவரெலியாவுக்குப் போய் கிரெகரி ஏரிக்கரையில் அரைமணி நேரம் நில்லுங்கள். பத்து நிமிடச் சவாரிக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு குதிரைகள் நடக்கின்றன. நான் கண்டவற்றில் ஒன்றின் முதுகு நடுவே குழிந்திருந்தது. சேணத்தின் கீழே ரோமம் உதிர்ந்து தோல் வெளுத்திருந்தது. கடிவாளத்தைப் பிடித்திருந்த பையனுக்கு இருபது வயதிருக்கலாம். ஊவாத் தோட்டத்துப் பிள்ளை. “யார் சொல்லிக் கொடுத்தாங்க தம்பி?” என்று கேட்டேன். “யாரும் இல்லை ஐயா. முதலாளி சாவியைக் குடுக்கிற மாதிரி கயித்தைக் குடுத்தாரு” என்றான். குதிரை தலையை உதறும்போதெல்லாம் அவன் கடிவாளத்தைச் சுண்டி இழுத்தான். சுண்டும்போதெல்லாம் அது மேலும் உதறியது. அவன் கொடியவன் அல்லன். சுண்டாமல் கையைச் சற்றே தளர்த்தினால் என்ன நடக்கும் என்று அவனுக்கு யாரும் காட்டியதில்லை, அவ்வளவுதான். தோழரே, இந்தப் பையன் உங்கள் வர்க்கம் இல்லையா? இவன் தொழிலைச் செம்மையாகக் கற்பது கூலிப் பிரச்சினை இல்லையா? குதிரை ஐந்தாண்டில் விழுந்தால் அவன் பிழைப்பும் அதோடு விழும்.

விடுதிக்காரருக்குச் சொல்வது இது. பள்ளி தொடங்குங்கள், நான் எதிர்க்கவில்லை, மகிழ்ச்சியே. வெளிநாட்டுப் பயிற்றுநர் வந்தால், முதல் ஆறு மாதம் அவர் முன்னே விருந்தினரை நிறுத்தாதீர்கள். ஏரிக்கரைப் பையன்களை நிறுத்துங்கள், அவர்கள் நடத்தும் குதிரைகளோடு. சான்றிதழில் அவர்கள் பெயரைத் தமிழிலும் எழுதுங்கள். ‘துரைமார் வளர்த்த மரபு’ என்ற சொற்றொடரைப் பிரசுரத்திலிருந்து அடித்துவிடுங்கள். பொய்யை அச்சிட்டு மெருகிட்ட தரையில் அடுக்கி வைத்தாலும் அது பொய்தான்.

புகைப்படத்து விவரத்தையும் மாற்ற வேண்டும் என்று மேலாளரிடம் அன்று மாலையே சொன்னேன். நல்ல மனிதர், சங்கடப்பட்டார். “அவர் உங்கள் உறவினரா ஐயா?” என்று கேட்டார். இல்லை. அது என் பாட்டனார் அல்ல. எங்கள் தோட்டமும் அல்ல. “அப்படியானால் பெயருக்கு எங்கே போவது?” என்றார். தோட்ட ஆபீசின் பின்னறையில் பழைய செக்றோல் புத்தகங்கள் கட்டுக்கட்டாகக் கிடப்பதாக அங்கே முன்பு வேலை பார்த்த கிளாக்கர் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். புகைப்படத்தில் ஆண்டு இருக்கிறது. அந்த ஆண்டுப் புத்தகத்தில் பங்களா ஆட்களின் பக்கத்தைத் திறந்தால், துரைக்குத் தெரிந்திராவிட்டாலும் கணக்குப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரு பெயர் அங்கே இருந்தே தீரும். பெயர் இல்லாமல் பேர் போட முடியாது. கறையான் அரிப்பதற்குள் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் பதுளைக்குப் போகும்போது நானும் எட்டிப் பார்ப்பேன்.